சுவரின் ஐம்பத்தைந்தாவது சண்டை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனிதன் முதன்முதலாகக் கையை மடக்கிக்கொண்டு இன்னொருவன் மூக்கைப் பார்த்த நாளிலிருந்து விடை காணப்படாமல் கிடக்கும் கேள்வி ஒன்றுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, குத்துச்சண்டைக் கழகத்தின் மாடி அறையில் இறுதி விடை காணப்படும். குறையே இல்லாத வீரன் என்று ஒருவனைச் சொல்லலாம் என்றால், அந்த இடத்துக்கு மிக அருகில் வந்தவன் யார்? தேநீர், பிஸ்கட் உண்டு.

கிளப்பின் வாசல் கதவில் ஒட்டியிருந்த இந்தப் பிரகடனத்தின் கீழே தலைவரின் கையெழுத்து இருந்தது. கிளப்புக்கு ஐம்பது வயது ஆகிறது. அதைக் கொண்டாட, வாசல் மதில் முழுக்க ஒரே ஒரு வீரனின் படத்தை வரைவதென்று தீர்மானித்திருந்தார்கள். எந்த வீரன் என்பதை முடிவு செய்ய ஒரு நால்வர் குழு. ஏழு வெள்ளிக்கிழமைகள் கூடிப் பதினான்கு பாக்கெட் பிஸ்கட்டை முடித்திருந்தார்கள், வேறெதையும் முடிக்கவில்லை.

தலைவர் ஒரு பல் டாக்டர். கிளப்பில் பல் உடைவதற்கும் தனக்குக் கிளப்பின் மேல் பாசம் வந்ததற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் கேட்காமலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்தவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். எந்தச் சண்டையில், எந்த ரவுண்டில், யார் எத்தனை குத்து வாங்கினார் என்று பதினாறு நோட்டுகளில் எழுதி வைத்திருந்ததால் புள்ளிவிவரம் என்று பெயர். மூன்றாமவர் மெத்தைக்கடைக்காரர், விழுகிறவர்களைப் பற்றித் தனக்குத் தொழில்முறை ஞானம் உண்டென்று நம்புகிறவர். நான்காமவர் கிளப்பின் பயிற்சியாளர் மாஸ்டர். இந்த நால்வரில் முகத்தில் குத்து வாங்கிய அனுபவம் மாஸ்டர் ஒருவருக்குத்தான் உண்டு. அவரும் இரண்டே சண்டையில், வாங்குவதைவிட வாங்க வைப்பது மேல் என்று கண்டுகொண்டவர்.

அன்றைக்கு ஐந்தாவது நாற்காலி ஒன்று போடப்பட்டு, அதில் ஐஸ் அக்கா உட்கார்ந்திருந்தாள். பகலில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நர்ஸ். சண்டை நாட்களில் ரிங்கின் மூலையில் ஐஸ், பஞ்சு, வாஸ்லினோடு நிற்பவள். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நிமிடம். அதற்குள் கிழிந்த புருவத்தை அழுத்திப் பிடித்து, மூக்கு ரத்தத்தை நிறுத்தி, ஆளை எழுப்பி மறுபடி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. வீக்கத்துக்கு ஐஸ் வைப்பாளே தவிர மனிதர்களுக்கு ஐஸ் வைக்கத் தெரியாது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தலைவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தங்கை என்று சொல்லிவிட்டால் பொறுப்பு வந்துவிடும் அல்லவா.

அவள் மடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே நரம்பு டாக்டர் எழுதிய ஒன்றரைப் பக்கம். அதைப் படித்துவிட்டு, அவள் தம்பியை இனி ரிங்குக்குள் ஏற்றுவதில்லை என்று கிளப் ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கூட்டத்தின் நிரலில் அது கடைசியில் இருந்தது: 'இதர விஷயங்கள்.'

அந்த இதர விஷயத்தை ஊருக்கெல்லாம் சுவர் என்ற பெயரில் தெரியும். ஐம்பத்துநான்கு சண்டை போட்டு, ஒரு தடவைகூடக் கீழே விழாதவன். வயது நாற்பத்தாறு. சண்டை போடுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. குத்து வாங்குவதை நிறுத்தவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, போட்டிக்குத் தயாராகிற ஆட்களுக்கு எதிரே மாஸ்டர் அவனைத்தான் நிறுத்துவார். அடித்துப் பழக, விழாத ஆளைப்போல வசதி வேறு கிடையாது. கிளப்பின் பதிவேட்டில் அவன் இப்போது வீரன் அல்ல, உதவியாளர். வீரனைப் பரிசோதிக்க விதிகள் உண்டு. உதவியாளரைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"மரங்கொத்திதான்," என்று ஆரம்பித்தார் தலைவர். மரங்கொத்தி என்பது கிளப்பின் பழைய வீரர் ஒருவரின் பட்டப்பெயர், ஏழு வாரமாகத் தலைவர் அவரை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார். "இடது கை ஒண்ணு போதும் அவனுக்கு. டக், டக், டக். எதிராளிக்குத் தன் மூக்கு எங்க இருக்குங்கிறதே மறந்துடும்."

"எப்படி மறக்கும், அங்கதானே அடிக்கிறான்," என்றார் மெத்தைக்கடைக்காரர். "பூனையை எடுத்துக்குங்க. அவனை யாராலயாவது தொட முடிஞ்சுதா?"

"முப்பத்தெட்டு சண்டையில நானூத்திப் பதினொரு குத்து," என்றார் புள்ளிவிவரம், நோட்டைத் திறக்காமலே. "தொட முடியலைன்னு சொல்றது வரலாற்றைத் திரிக்கிறது."

"தொடுறது வேற, படுறது வேறங்க."

"நானூத்திப் பதினொண்ணும் பட்டது. தொட்டதுக்குத் தனி நோட்டு இருக்கு."

தலைவர் கையை உயர்த்தினார். "நண்பர்களே, உணர்ச்சிவசப்படாம விஞ்ஞான முறையில போவோம்." விஞ்ஞான முறை என்பது அவர் போன வாரம் கண்டுபிடித்தது. வேகத்துக்கு இருபத்தைந்து மார்க், பலத்துக்கு இருபத்தைந்து, நெஞ்சுரத்துக்கு இருபத்தைந்து, மூளைக்கு இருபத்தைந்து. கூட்டினால் நூறு. நூறுக்கு மிக அருகில் வருகிறவன் மதிலில் ஏறுவான்.

மரங்கொத்திக்கு எண்பத்தாறு வந்தது. பூனைக்கு எண்பத்தாறரை வந்தது. அந்த அரை மார்க்குக்காக முக்கால் மணி நேரம் போனது. ஐஸ் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உறையின் முனையை மடித்தாள், நிமிர்த்தினாள். வாழ்க்கையில் யாரையும் கிள்ளிக்கூடப் பார்த்திராத மூன்று பேர், தாடையில் வாங்குகிற குத்தைப் பற்றி, ஏதோ தாங்களே பெற்று வளர்த்ததைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் வேலை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

"சுவரையும் ஒரு மரியாதைக்குப் போட்டுப் பார்த்துடலாம்," என்றார் மாஸ்டர். "அக்கா வேற வந்திருக்காங்க."

"நெஞ்சுரம் இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு," என்றார் தலைவர். "அதுல பேச்சே இல்லை."

"பலம் இருபது. வேகம் பன்னெண்டு," என்று எழுதினார் புள்ளிவிவரம். "மூளைக்கு?"

"இப்பவா, அப்பவா?" என்று கேட்டார் மெத்தைக்கடைக்காரர்.

மாஸ்டர் தேநீரைத் துப்பிவிடுகிற மாதிரிச் சிரித்தார். தலைவர் சிரிப்பை அடக்க முயன்று, அடக்க முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐஸ் அக்கா எழுந்தாள். உறையை மேஜையின் நடுவில், பிஸ்கட் தட்டின் மேலேயே வைத்தாள்.

"அந்த மார்க்கை டாக்டர் போட்டுட்டார். படிங்க."

யாரும் கை நீட்டவில்லை.

"எத்தனை சண்டைன்னு நோட்டுல இருக்குமே. எத்தனை தையல்னு இருக்கா? முப்பத்தொரு தடவை அவன் முகத்தைத் தைச்சிருக்கேன். ரவுண்டு முடிஞ்சு வந்து உட்காருவான். கண்ணு ரெண்டும் எங்கயோ இருக்கும். ஒரு நிமிஷத்துல ரத்தத்தை நிறுத்தி, எழுந்திருடா, இன்னும் ரெண்டு ரவுண்டுதான்னு தட்டி அனுப்பினது யாரு? நான். கூடப் பிறந்தவ. நீங்க அதுக்கு நெஞ்சுரம்னு பேர் வெச்சு மார்க் போடுறீங்க. நேத்து பக்கத்து வீட்டுக் கதவுல எங்க வீட்டுச் சாவியைப் போட்டு இருபது நிமிஷம் திருகிட்டு நின்னான். அவங்களுக்குப் பழகிடுச்சு, கதவைத் திறந்து 'அடுத்த வீடு தம்பி'ன்னு சொல்லி அனுப்புறாங்க. அப்படிப்பட்டவனைத் தினம் காலையில ஆறு மணிக்கு இங்க கொண்டுவந்து நிறுத்தி இன்னும் அடிக்கிறீங்க."

"எனக்கே சில நாள் சாவி சேராதுங்க," என்றார் மெத்தைக்கடைக்காரர், சூழ்நிலையைச் சுமுகமாக்குகிற நல்லெண்ணத்தில்.

"அவனை யாரும் பலமா அடிக்கிறதில்லை, அக்கா," என்றார் மாஸ்டர். "பழகுறாங்க, அவ்வளவுதான். அவனுக்கும் பிடிச்சிருக்கு. தினம் முதல் ஆளா வந்து நிக்கிறானே."

"அவனுக்கு இன்னும் மறக்காம இருக்கிற பாதை இது ஒண்ணுதான், மாஸ்டர்."

தலைவர் உறையைப் பிரித்து முதல் பக்கத்தின் பாதிவரை படித்தார். மடித்து வைத்தார். "நரம்பு டாக்டருங்க பயமுறுத்தலைன்னா அவங்ககிட்ட யார் போவா? நானும் ஒரு டாக்டர்ங்கிற முறையில சொல்றேன்."

"நீங்க பல்லு."

"பல்லும் தலையிலதானே இருக்கு, அக்கா."

அந்த நேரம் பார்த்து இரண்டாவது சுற்றுத் தேநீரோடு சுவர் உள்ளே வந்தான். இரண்டு தோளும் இன்னும் கதவை அடைக்கும் அகலம். தட்டில் ஐந்து கோப்பைகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தன. தலைவர் அவன் தோளில் கை போட்டார்.

"நீயே சொல்லுப்பா. ரிங்கை விட்டுடறியா?"

சுவர் அக்காவைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். நாக்கு கனத்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "நான் விழுந்ததே இல்லையே, சார்."

மகத்தான யோசனைகள் இப்படித்தான் பிறக்கின்றன. தலைவரின் முகம் பிரகாசமானது. ஒரே கல்லில் மதிலையும் நிரப்பலாம், அக்காவின் வாயையும் அடைக்கலாம். "நூறு மார்க் பத்தி நாம பேசிட்டிருக்கோம், குறையில்லாத வீரன் தேநீர் கொண்டுவந்து நிக்கிறான். குத்து போடுறவன் ஆயிரம் பேர் இருப்பான். வாங்கிட்டு நிக்கிறவன் எங்க இருக்கான்? நான் சுவரை முன்மொழிகிறேன்."

மூன்று கைகள் உயர்ந்தன. அரை மார்க்குக்காக முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள் அரை நிமிடத்தில் ஒருமனதானார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா. அதில் சுவருக்கும் இப்போதைய சாம்பியனுக்கும் மூன்று ரவுண்டு மரியாதைச் சண்டை.

"மரியாதைச் சண்டை கணக்குல வராது," என்றார் புள்ளிவிவரம். "ஐம்பத்துநாலுங்கிறது மதில்ல பார்க்க நல்லாவா இருக்கும்? ஐம்பத்தஞ்சுன்னு எழுதணும். எழுதணும்னா முறைப்படி நடக்கணும். அவனை மறுபடி வீரனாப் பதிவு பண்ணணும், குத்துச்சண்டைச் சங்கத்து இன்ஸ்பெக்டர் வரணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும்."

"டாக்டர்தான் இங்க இருக்கேனே," என்றார் தலைவர். சுவரை ஜன்னல் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, தேக்கரண்டியின் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். "பிரமாதம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"இதர விஷயங்கள்?" என்று கேட்டாள் ஐஸ் அக்கா.

"நேரமாயிடுச்சே, அக்கா," என்றார் தலைவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சுவர் துள்ளிக்கொண்டு வந்தான். "அக்கா, மதில்ல என் படம் போடப்போறாங்க," என்றான். தையற்கடை வாசலில் மறுபடி சொன்னான். படியேறும்போது மூன்றாவது தடவை சொன்னான். மூன்று தடவையும் அவனுக்கு அது புதுச் செய்தி. மூன்று தடவையும் முதல் தடவை அளவுக்கே சந்தோஷப்பட்டான். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். அந்த நான்கு பேர் மேல் இருந்த கோபம், கையெழுத்தின் மேல் இருந்த கோபம், அவ்வளவும் திரும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்தது. சுவர் தானாக எழும்பிவிடவில்லை. இடிந்த ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்தில் பூசிக் கொடுத்த கொத்தனார் அவள்தான்.

அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ரிங் மூலைக்குக் கொண்டுபோகும் பையை எடுத்துக் கவிழ்த்தாள். பஞ்சு, கத்தரிக்கோல், வாஸ்லின் டப்பா, அடியில் சங்கத்தின் விதிப் புத்தகம். எந்த மருந்தைக் காயத்தில் தடவலாம் என்ற பக்கத்தைத் தாண்டி அதை அவள் படித்ததே இல்லை. இப்போது முதல் வரியிலிருந்து படித்தாள். பதினேழாவது விதியில் விரல் நின்றது. ஒரு வீரனின் மூலையிலிருந்து துண்டு எறியப்பட்டால் அவன் தோற்றவன். அதன்பின் மூளை ஸ்கேனும் நரம்பு மருத்துவரின் கையெழுத்தும் இல்லாமல், போட்டியோ பயிற்சியோ, எந்தக் கிளப்பின் ரிங்கிலும் அவன் கால் வைக்கக் கூடாது. வைக்கவிட்டால் அந்தக் கிளப்பின் அங்கீகாரம் ரத்து.

இரண்டாம் தடவை படித்தாள். உதவியாளருக்கு இல்லாத விதி வீரனுக்கு இருந்தது. அவனை மறுபடி வீரனாக்கித் தந்தவர் புள்ளிவிவரம். நோட்டுப் போட்டு எழுதுகிறவர்களாலும் சில சமயம் நன்மை உண்டு.

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் பையில் மேலாக வைத்தாள்.

ஞாயிறு காலை மதிலில் படம் தயாராக இருந்தது. ஓவியர் சுவருக்குக் கொஞ்சம் முடியும், உடைந்த மூக்குக்குப் பதில் நேரான மூக்கும் தந்திருந்தார். கீழே ஆள் உயர எழுத்தில்: 55 சண்டை. ஒருமுறையும் விழாதவர். ஐம்பத்தைந்தாவது இன்னும் நடக்கவில்லை என்பதைப் பெயிண்ட் பொருட்படுத்தவில்லை.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். குத்துச்சண்டை என்பது வாழ்க்கை என்றார். வாழ்க்கை என்பது குத்துச்சண்டை என்றார். இரண்டுக்கும் நடுவே பல்லின் முக்கியத்துவத்தைத் தொட்டுச் சென்றார். முன்வரிசையில் சங்கத்து இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பியின் புருவத்தில் ஐஸ் அக்கா வாஸ்லின் தடவினாள். பழைய தையல் ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"எத்தனை ரவுண்டு, அக்கா?"

"மூணுன்னு சொல்றாங்க."

"எதிர்ல யாரு?"

"யாரா இருந்தா என்னடா."

மணி அடித்தது. சுவர் நடுவுக்குப் போனான். கையை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்பது அவனுக்கு மறந்திருந்தது. முகத்தை நீட்ட மட்டும் மறக்கவில்லை. சாம்பியன் சங்கடத்தோடு லேசாக ஒன்று வைத்தான். சுவரின் தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது கொஞ்சம் பலமாக விழுந்தது. சுவர் சிரித்தான். அவன் கண்கள் எங்கேயோ இருந்தன.

ஐஸ் அக்கா துண்டை எறிந்தாள்.

அது ரிங்கின் நடுவில் விழுந்தது. நடுவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுதினார்: முதல் ரவுண்டு, ஒன்பதாவது வினாடி.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "அக்கா, கை தவறிடுச்சுதானே? ஈரக் கை, வழுக்கியிருக்கும்."

"வழுக்கலை. எறிஞ்சேன்."

"இது விழா, அக்கா. சும்மா ஒரு மரியாதைக்கு—"

"மரியாதைன்னா கணக்குல வராதுன்னு உங்க புள்ளிவிவரம்தானே சொன்னார். இது கணக்குல வர்ற சண்டை. வந்துடுச்சு."

புள்ளிவிவரம் முகம் வெளுத்துப்போய் நின்றார். ஐம்பத்தைந்து சண்டை, ஒரு தோல்வி. பதினாறு நோட்டிலும் அவர் திருத்த வேண்டியிருக்கும். தலைவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, ஆள் பூரண ஆரோக்கியம், மறுபடி பயிற்சிக்கு வர வேண்டுமானால் தானே இப்போதே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பதினேழாவது விதியைப் புரட்டி அவரிடம் காட்டினார். அதில் மூளை இருந்தது, நரம்பு இருந்தது. பல் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"பொம்பளையை மூலையில நிறுத்தினா இப்படித்தான்," என்றார் மாஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

"இருபத்திரண்டு வருஷம் நிறுத்தினீங்களே, மாஸ்டர். அப்ப உங்களுக்கு வசதியா இருந்துச்சு."

சுவர் ரிங்கிலிருந்து இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறிப் போய்க் கையுறையைக் கழற்றக் கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் விழலையே, அக்கா."

"தெரியும்டா."

"நின்னுட்டுத்தானே இருந்தேன். ஏன் போட்ட?"

"இத்தனை வருஷம் போடாம விட்டதுக்கு."

அவனுக்குப் புரியவில்லை. கையுறையின் கட்டைப் பல்லால் கடித்து இழுத்தான். "நீ அவங்க பக்கம்," என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன மிகக் கடினமான வார்த்தை அது. வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் அவனுக்கு அது புதுக் கோபம். அவள் கத்தரிக்கோலைப் பையில் போட்டு, கூடவே நடந்தாள்.

அன்று மாலையே மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். குழு அவசரமாகக் கூடி, குறையில்லாத வீரன் மரங்கொத்திதான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மரங்கொத்தி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவருக்கு அக்காவும் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஐஸ் அக்கா தம்பியை வீட்டில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கிளப்பைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் குத்துச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ரிங்கில் சுவர் நிற்கும் இடத்தில் வேறொரு உதவியாளர் நின்றுகொண்டிருந்தார்.